ஒரு ரூபாய்ப் படங்கள்: ஹோமாய் வியாரவாலாவும் கேமராவும்

ஹோமாய் வியாரவாலா (1913–2012) பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே தொடரில் தொடங்குகின்றன: இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர். தொடரில் பிழையில்லை. ஆனால் ‘முதல்’ என்னும் சொல் வரலாற்றெழுத்தில் ஒரு சோம்பலைக் கொண்டுவருகிறது. அந்த இடத்துக்கு ஒருவர் எப்படி வந்து சேர்ந்தார், எவருடைய கேமராவைக் கையில் வாங்கிப் பழகினார், முதல் படத்துக்கு என்ன கூலி பெற்றார், எதனால் தொடர்ந்தார், எதனால் நிறுத்தினார் என்ற கேள்விகளையெல்லாம் அந்த ஒரு சொல்லே மூடிவிடுகிறது. கலைஞர்களின் ஆர்வத்தைப் பற்றிப் பேசும்போது ‘உள்ளே கனன்ற பொறி’ என்னும் வகையில் எழுதுவது நம்மிடையே வழக்கம். ஹோமாயின் வாழ்க்கை அந்த வழக்கத்துக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அவருடைய ஆர்வம் இன்ன நாளில் பிறந்தது என்று காட்ட ஒரு நாள் இல்லை. அதை வளர்த்த சூழலையும் மனிதர்களையும் கருவிகளையும்தான் காட்ட முடியும்.

1913 டிசம்பர் 9ஆம் நாள் தெற்குக் குஜராத்தின் நவசாரியில் ஒரு பார்சிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். நவசாரி பார்சி மரபில் பெருமையுடைய ஊர். ஆனால் குடும்பம் வசதி படைத்ததன்று. தந்தை உருது-பார்சி நாடகக் குழு ஒன்றில் இருந்தார். ஊர் ஊராகச் செல்லும் குழு அது. மேடை, திரைச்சீலை, விளக்கொளி, ஒப்பனை, ஒத்திகை ஆகியவை ஹோமாயின் குழந்தைப் பருவத்தில் அன்றாடக் காட்சிகள். இதிலிருந்து ‘ஒளியின் மீதான காதல் அங்கேயே முளைத்தது’ என்று எழுதிவிட ஆசை எழும். சான்று அவ்வளவு தூரம் இடம் கொடுப்பதில்லை. மனிதர்கள் ஒரு சட்டகத்துக்குள் எப்படி நிற்கிறார்கள், எப்போது பாவனையைக் கழற்றி வைக்கிறார்கள் என்பதை அருகிருந்து பார்த்து வளர்ந்த பெண் அவர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் அவர் எடுத்த அரசியல் தலைவர்களின் படங்களைப் பார்க்கும்போது இந்தத் தகவல் தானாகவே நினைவுக்கு வரும்.

படிப்பதற்காகக் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. கிராண்ட் ரோடு பகுதியில் உயர்நிலைப் பள்ளி, பிறகு செயின்ட் சேவியர் கல்லூரியில் பொருளியல், சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் கலைப்பயிற்சி. இதற்கிடையே 1926இல், தமது பதின்மூன்றாம் வயதில், மானெக்‌ஷா வியாரவாலா என்னும் இளைஞரைச் சந்தித்திருந்தார். மானெக்‌ஷா ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், ஒளிப்படம் எடுப்பவர். கேமராவைப் பிடிப்பது, ஒளியை அளவிடுவது, இருட்டறையில் படச்சுருளைக் கழுவி அச்செடுப்பது என எல்லாவற்றையும் ஹோமாய் அவரிடமிருந்தே கற்றார். நட்பு பல ஆண்டுகள் நீண்டு 1941இல் திருமணமாயிற்று.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். ஏறத்தாழ அதே தலைமுறையைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் மனோபீனா ராய், தேபலீனா மஜும்தார் ஆகியோர் 1919இல் பிறந்தவர்கள். காசியை அடுத்த ராம்நகரில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய பன்னிரண்டாம் பிறந்த நாளில், தாமே ஒளிப்பட ஆர்வலரான தந்தை, கேமராவைப் பரிசாக அளித்தார். மனோபீனா பிற்காலத்தில் திரைப்பட இயக்குநர் பிமல் ராயை மணந்தார். சகோதரிகள் இருவரும் வாழ்நாள் முழுதும் அழகிய படங்கள் எடுத்தனர். ஆனால் அவற்றைத் தொழிலாக மேற்கொள்ளவில்லை. அவர்கள் கையில் கேமரா ஒரு குடும்பப் பரிசாக வந்தது. வீட்டுக்குள்ளும் பயணங்களிலும் தோழியரிடையேயும் அது இயல்பாக உலவியது. ஹோமாயின் கையில் அது ஒரு நண்பரின் தொழிற்கருவியாக வந்தது. இரண்டில் எது உயர்ந்த ஆர்வம் என்று கேட்பது பொருளற்றது. ஆனால் எந்த வழியாக ஒரு கருவி கைக்கு வருகிறதோ அந்த வழி, அக்கருவியால் பிறகு என்ன செய்யலாம் என்பதைப் பெரிதும் வரையறுத்துவிடுகிறது.

ஜே.ஜே. கலைப்பள்ளிக் காலத்துப் படங்கள் ஹோமாயின் தொகுப்பில் தனித்து நிற்கின்றன. உடன் படித்த ரெபெக்கா மாத்யூஸ், ரெஹானா மொகல் ஆகியோர் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். வகுப்பறையில் வரைந்துகொண்டும், வெளியூர்ச் சுற்றுலாவில் சிரித்துக்கொண்டும், நகர வீதியில் நின்றுகொண்டும் இருக்கும் இளம்பெண்கள். 1930களின் பம்பாயில் படித்த பெண்கள் தம்முள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு இவ்வளவு நெருக்கமான காட்சிச் சான்றுகள் அரிது. அக்காலத்து ஸ்டுடியோப் படங்களில் பெண்கள் நாற்காலியின் கையைப் பிடித்து விறைப்பாக நிற்பார்கள். ஹோமாயின் தோழியரோ கேமராவை மறந்துவிட்டவர்கள் போல இருக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவள் தங்களுள் ஒருத்தி என்பதனால் வந்த எளிமை அது.

அப்பள்ளியின் பெண்கள் மன்றம் சென்ற ஓர் உலாவில் எடுத்த படங்கள்தாம் முதன்முதலில் அச்சேறின. வெளியிட்டது ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளிதழ். ஒரு படத்துக்கு ஒரு ரூபாய் கூலி. ஹோமாயைப் பற்றிப் பேசுவோர் இந்தத் தகவலைச் சுவைக்காகச் சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. உண்மையில் இந்த வரலாற்றின் திருப்பமே இங்குதான் இருக்கிறது. தோழியருக்காக எடுத்த படத்துக்கு முன்பின் அறியாத ஓர் ஆசிரியர் பணம் கொடுக்கிறார். முகமறியா வாசகர்கள் அதைப் பார்க்கிறார்கள். பொழுதுபோக்காக இருந்தது பிழைப்பாகவும் இருக்கலாம் என்பதை ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் உணர்த்தியது அந்த ஒரு ரூபாய். ஆர்வம் பணத்தால் கெடும் என்று சொல்வோர் உண்டு. நடுத்தர வர்க்கத்துப் பெண்ணொருத்தி ஆண்டுக்கணக்கில் வெளியே அலைந்து படம் எடுப்பதற்கான நியாயத்தை அவளுடைய வீட்டாருக்கும் ஊராருக்கும் காட்டியது வருவாயே என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

அடுத்த வாசல் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா’. டைம்ஸ் குழுமத்தின் வார இதழ் அது. படங்களை நம்பியே நின்றது. அப்போதைய ஆசிரியர் ஸ்டான்லி ஜெப்சன் படக்கட்டுரைகளுக்குத் தாராளமாக இடம் தந்தவர். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபின் பம்பாய் வாழ்க்கையின் காட்சிகளுக்குத் தேவை மிகுந்தது: வான்தாக்குதல் பயிற்சிகள், மருத்துவமனைகள், தொழிற்கூடங்கள், ரயில் நிலையக் கூட்டங்கள். ஹோமாய் இவற்றையெல்லாம் எடுத்தார். ஆனால் அறிமுகமில்லாதவர், அதிலும் பெண் என்பதால், தொடக்க ஆண்டுகளில் அவருடைய படங்கள் மானெக்‌ஷாவின் பெயரிலேயே வெளிவந்தன. இதைக் கணவர் மனைவியின் புகழைப் பறித்த கதையாகப் படிப்பது எளிது. கிடைக்கும் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவர், இதழ்களுக்கு வழி திறந்தவர், கடைசி வரை தொழிலில் துணை நின்றவர் மானெக்‌ஷா. பெயரை மறைத்தது ஒரு தனி மனிதரன்று. பெண் பெயரின் கீழ் அச்சாகும் படத்தை நம்பத் தயங்கிய இதழியல் சூழல். எனினும் விளைவு ஒன்றுதான். ஒரு கலைஞரின் உருவாக்கக் காலத்துப் படைப்புகள் வேறொருவர் பெயரில் கிடக்கின்றன. வரலாற்றாய்வாளருக்கு இது சிறிய சிக்கலன்று.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழில் படம் ‘பிடிக்கிறோம்’. ஓடுகிற ஒன்றைக் கைப்பற்றுவது போல. இந்தியில் தஸ்வீர் ‘கீஞ்ச்னா’. இழுத்தல் என்பது அவ்வினையின் பொருள், கோடு இழுத்து வரைவதையும் அதுவே குறிக்கும். ஹோமாயின் தாய்மொழியான குஜராத்தியில் ஃபோட்டோ ‘பாட்வோ’, விழச்செய்தல். நிழல் விழுவதைப் போல உருவம் தாளின்மீது விழுகிறது. எடுப்பவர் அதை விழ வைக்கிறார். மூன்று மொழிகள் ஒரே செயலை மூன்று உருவகங்களால் சொல்கின்றன. வேட்டைக்காரரின் சொல்லுக்கும் ஓவியரின் சொல்லுக்கும் நடுவே, குஜராத்திச் சொல் படமெடுப்பவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வைக்கிறது. ஒரு சொல்லைக் கொண்டு ஒரு கலைஞரை விளக்க முடியாதுதான். ஆனால் ஹோமாயின் பாணிக்கு ‘பிடித்தல்’ அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது அவருடைய படங்களைப் பார்க்கப் பார்க்கத் தெளிவாகும்.

1942இல் தம்பதியர் தில்லிக்குக் குடிபெயர்ந்தனர். பிரிட்டிஷ் தகவல் சேவை அலுவலகத்தில் வேலை. அதனுடன் வெளியிதழ்களுக்குத் தனியாகப் படமெடுக்கும் வசதியும் இருந்தது. தலைநகரின் அரசியல் ஒளிப்படத் துறையில் அப்போது வேறு பெண்கள் இல்லை. புடவை உடுத்து, கனமான கருவிகளைச் சுமந்து, சைக்கிளில் தில்லி வீதிகளைச் சுற்றிய ஹோமாயின் தோற்றம் விரைவில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆர்வம் என்பது கையின் பழக்கமும்தான். அவர் பயன்படுத்தியவற்றுள் முக்கியமானவை ரோலிஃபிளெக்ஸும் ஸ்பீட் கிராஃபிக்கும். ரோலிஃபிளெக்ஸை இடுப்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். எடுப்பவரின் முகம் எதிரே இருப்பவரை நேராக நோக்காது, தலை தாழ்ந்திருக்கும். ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். ஸ்பீட் கிராஃபிக் இன்னும் கடினம்: நான்குக்கு ஐந்து அங்குலத் தனித்தனித் தகடுகள், ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் தகட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும், ஃபிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது, சூட்டோடு கழற்றி அடுத்ததைப் பொருத்த வேண்டும். இத்தகைய கருவியோடு ஒரு தலைவர் காரிலிருந்து இறங்கும் சில நொடிகளில் கிடைப்பது ஒரு படம், தப்பினால் அதுவும் இல்லை. ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் திரும்புவார், ஒளி எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் முடிவு செய்திருக்க வேண்டும். ஹோமாயின் பொறுமை இயற்கைக் குணமாகவே இருக்கலாம். எப்படியாயினும் அந்தத் தகடுகள் அதைக் கட்டாயமாக்கின.

1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்தை ஏற்பதற்குக் காங்கிரஸ் தலைவர்கள் கை உயர்த்தி வாக்களித்ததை அவர் படமெடுத்தார். உயர்ந்த கைகள், அவ்வளவே. ஒரு துணைக்கண்டத்தின் தலைவிதி வழக்கமான ஒரு கூட்டத் தீர்மானம் போலத் தோன்றுவதே அப்படத்தின் கனம். சுதந்திரத்தையொட்டிச் செங்கோட்டையில் ஏறிய கொடி, மவுண்ட்பேட்டன் விடைபெற்ற நிகழ்ச்சி, காந்தியின் இறுதி ஊர்வலம் ஆகியவற்றையும் அவர் பதிவு செய்தார். காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரை, மறுநாள் இருவரும் சேர்ந்தே போகலாம் என்று மானெக்‌ஷா திருப்பி அழைத்துக்கொண்டார். அந்த மாலை அங்கே இல்லாமற்போனது குறித்த வருத்தம் ஹோமாயின் கடைசிக் காலப் பேச்சுகளிலும் வெளிப்பட்டது. பத்திரிகையாளரின் தொழில் ஏக்கமும் ஒரு குடிமகளின் துயரமும் அந்த வருத்தத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

நேரு அவருக்கு மிக விருப்பமான ‘பொருள்’. 1954இல் விமான நிலையத்தில் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் வருகைக்காக நேரு காத்திருக்கிறார். பக்கத்திலேயே ‘ஒளிப்படம் எடுப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்புப் பலகை. இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து ஹோமாய் எடுத்த படம் இன்றும் பார்ப்பவரைப் புன்னகைக்க வைக்கிறது. புறாவைப் பறக்கவிடும் நேரு, பிரிட்டிஷ் தூதரக அதிகாரியின் மனைவிக்குச் சிகரெட் பற்றவைக்கும் நேரு ஆகிய படங்களும் அவருடையவையே. 1964இல் நேரு மறைந்தபோது, மற்ற ஒளிப்படக்காரர்கள் பார்த்துவிடாமல் முகத்தை மறைத்துக்கொண்டு அழுததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

பெண் என்பதால் தம்மை எவரும் பொருட்படுத்தவில்லை, அதுவே தமக்கு வசதியாயிற்று என்னும் கருத்தை ஹோமாய் வெளிப்படுத்தியதுண்டு. புடவை உடுத்திய ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றால், அவர் செய்வது முக்கியமான வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை, ஆகவே தடுக்கவில்லை. இகழ்ச்சியின் பயனாக நெருக்கம் கிடைத்தது. பெண்ணிய ஆய்வுகள் இந்த முரணை வேறு துறைகளிலும் சுட்டியிருக்கின்றன. ஆனால் ஹோமாயிடம் அது படத்தின் தூரமாகவே அளவிடக் கிடைக்கிறது. நேருவுக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள அந்தச் சில அடிகள்.

‘டால்டா 13’ என்னும் புனைபெயர் இந்தக் காலத்தது. பிறந்த ஆண்டு 1913. வருங்காலக் கணவரைச் சந்தித்த வயது 13. காரின் பதிவெண் டி.எல்.டி. 13. அந்த எழுத்துகளை வேகமாகச் சொன்னால் வீட்டுக்கு வீடு அறிந்த வனஸ்பதியின் பெயர் வந்து விழும். கணவர் பெயரில் வெளிவந்த தொடக்கக் காலத்துக்குப் பிறகு, தமக்கென ஒரு பெயரைத் தேடியவர் சமையலறை டின்னிலிருந்து அதை எடுத்துக்கொண்டது வேடிக்கைதான். ஆயினும் அது அவரே தேர்ந்த பெயர்.

1956இல் இளம் தலாய் லாமா நாதுலா கணவாய் வழியாகச் சிக்கிமுக்குள் நுழைந்தபோது அங்கிருந்தார். எலிசபெத் அரசி, ஜாக்குலின் கென்னடி, குருஷ்சேவ், ஹோ சி மின் எனத் தில்லிக்கு வந்த விருந்தினர் பலரும் அவருடைய தொகுப்பில் உண்டு. இப்பட்டியலை நீட்டுவதால் பெரிய பயன் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி 1970 பற்றியது. கணவர் மறைந்த சிறிது காலத்தில் ஹோமாய் தொழிலை விட்டார். தொழிலை மட்டுமன்று, அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அவர் படமே எடுக்கவில்லை. புதிதாக வந்த ஒளிப்படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். முண்டியடிப்பு, கண்ணியக் குறைவு, தாம் பழகிய ஒழுங்கு குலைந்தது. இதை மூத்த தலைமுறையின் வழக்கமான சலிப்பாகக் கொள்ளலாம். கணவரின் இழப்பால் வந்த ஒதுக்கமாகவும் கொள்ளலாம். இரண்டும் பகுதி உண்மை. ஆனால் வாழ்நாள் ஆர்வம் என்று நாம் பெயரிடும் ஒன்றை ஒருவர் இவ்வளவு முழுமையாகக் கீழே வைத்துவிட முடிகிறதென்றால், அந்த ஆர்வம் எதன்மீது இருந்தது என்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. அது கேமராவின் மீது மட்டும் இருந்திருந்தால் தோட்டத்துப் பூவையாவது எடுத்திருப்பார். பூக்களின்மீது அவருக்குப் பிரியம் உண்டு. அவருடைய ஆர்வம் ஒரு குறிப்பிட்ட உறவின்மீது இருந்தது: எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரையொருவர் மதிக்கும் தூரத்தில், அவசரமின்றி நிற்கும் உறவு. தோழியரோடு ஜே.ஜே. பள்ளியில் தொடங்கிய அந்த உறவு, புதிய குடியரசின் முதல் இருபதாண்டுகளில் தில்லியின் பொதுவெளியிலும் கிடைத்தது. பாதுகாப்பு வளையங்கள் இறுகி, கூட்டம் பெருகி, தலைவர்கள் எட்டாத் தொலைவுக்குச் சென்றபின் அது கிடைக்கவில்லை. இது ஒரு வாசிப்பு மட்டுமே. ஆனால் அவர் சொன்ன காரணத்தைச் சலிப்பென்று தள்ளாமல் அப்படியே மதித்து எடுத்துக்கொள்ளும் வாசிப்பு.

தில்லியை விட்டவர் பிலானியில் ஆசிரியராக இருந்த மகனோடு சில ஆண்டுகள் வாழ்ந்தார், பிறகு வதோதரா. 1989இல் மகனும் மறைந்தார். தனியாக இருந்தார்; செடி வளர்த்தார்; வீட்டுக்கு வேண்டிய சிறு தச்சு வேலைகளையும் பழுதுகளையும் தாமே செய்துகொண்டார். அக்கம்பக்கத்தாரில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாத காலம் அது. சபீனா கடிஹோக்கின் ஆய்வே அவரைப் பொது நினைவுக்கு மீட்டது: 1998இல் வெளிவந்த ஆவணப்படம், 2006இல் வந்த நூல். படத் தொகுப்பு தில்லியின் அல்காஸி அறக்கட்டளையிடம் சேர்ந்தது. 2010இல் தேசிய நவீன ஓவியக்கூடத்தில் பின்னோக்குக் கண்காட்சி. 2011இல் பத்ம விபூஷண். 2012 ஜனவரி 15 அன்று வதோதராவில் காலமானார்.

அவருடைய தொடக்க காலப் படங்களை யார் எடுத்தது என்று பிரித்தறியும் வேலை பெருமளவும் ஹோமாயின் நினைவையும் அவர் காத்துவைத்த நெகடிவ்களையும் சார்ந்தே நடந்தது. நூலகங்களில் இருக்கும் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’யின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோருக்கு அந்த வசதி இல்லை. அப்பக்கங்களில் படங்களின் கீழே மானெக்‌ஷா வியாரவாலாவின் பெயரே அச்சாகியிருக்கிறது.